மசூர் இருக்கிற அட்டாளை

அத்தியாயம் 5

சம்மாந்துறைச் சந்தியைத் தாண்டும்போது வினோஜின் போனில் குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது. ஓட்டோவை ஓரங்கட்டி, பின்னால் இருந்த நஸீமுக்கும் கேட்கிற மாதிரி போனைத் தூக்கிப் பிடித்தான்.

“நஸீம், ராவும் ஆன வந்திரிக்கி. மசூர் இருந்த அட்டாளைக்கித்தான். இது உங்கட சீட்டு சொன்ன கத, நான் சொன்ன கத இல்ல. வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய முடிவெடுக்கிறம். அவ்வளவுதான்.”

பேசியது வட்டவிதானை முகைதீன்பாவா. இறக்காமத்தில் அந்த வயல் வட்டை முழுவதற்கும் தண்ணீர் திறக்கிறதும் காவலுக்கு ஆள் போடுகிறதும் அவர்தான். அவர் சொன்னால் அது முடிவு.

நஸீம் மடியில் இருந்த பால்மா டின்னின் மூடியைத் திறந்தார். உள்ளே நாலு சீட்டு. மூடினார்.

“காக்கா, நாமளும் ஒரு குரல் பதிவு அனுப்புவமா?” என்றான் வினோஜ்.

“ஆருக்கு?”

“ஆனைக்கு. ஏன் ராசா அந்த ஒரு மனிசனையே பிடிச்சித் தொங்குறாய், வட்டைக்குள்ள வேற ஆக்களும் இருக்காங்கதானே எண்டு.”

“வண்டிய எடு.”

இந்த வழக்கு வந்து ஒன்பது நாள். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தையல்கடை மாடியில் நஸீமின் அறை. வாசலில் உதவியாள் வினோஜ் எழுதிய பலகை தொங்கும்: ‘காணாமற்போனது, களவுபோனது, விளங்காமற்போனது பார்க்கப்படும்.’ மூன்றாவதற்குத்தான் ஆள் வருவதில்லை. வந்த முதல் ஆள் பாத்தும்மா, மசூரின் மனைவி. கதிரை கொடுத்தும் இருக்கவில்லை.

“எங்கட மனிசன் ஆனையக் கூப்பிடுறாராம். அப்படி இல்ல எண்டு காட்டித் தாங்க,” என்றாள்.

நடந்தது இதுதான். வட்டையில் நாலு அட்டாளை. நாலு மரக்கால் நட்டு, மேலே தட்டடித்து, ஓலை போட்ட காவல் பரண். ஒன்றாவது தெருவோரம், இரண்டாவது நடு வாய்க்கால், மூன்றாவது பழைய மருத மரத்தடி, நாலாவது காட்டோரம். மாரி தொடங்கியதிலிருந்து பத்தொன்பது தடவை ஆனை வந்தது. அதில் பதினைந்து தடவை மசூர் இருந்த அட்டாளைக்கு. கடைசியாக வந்த அன்று, அந்திநேரம், மசூரின் டோர்ச்சுக்கு பெட்டரி கொடுக்கப் போன கூட்டாளி றமீஸ், காட்டோர அட்டாளைக்குக் கீழே நின்ற ஆனையைக் கவனிக்கவில்லை. ஆனை அடித்து அவன் மௌத்தானது அங்கேதான்.

றமீஸின் மனைவி சுஹறா இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் வாசலுக்கு வரமாட்டாள். ஆனால் அவள் சொன்ன சொல் வாசலைத் தாண்டி ஊரெல்லாம் போய்விட்டது. ‘மசூர் எங்க இரிக்கிறாரோ அங்கதான் ஆன வருது. அவர வட்டைக்குள்ள வெச்சிரிக்காதீங்க.’ வட்டையை விட்டு வெளியே போட்டால் மசூர் செய்கிற இரண்டு ஏக்கரும் போகும். அதைவிட அவருக்கு வேறு மண் இல்லை.

நஸீம் அரசாங்கத்துப் பரிசோதனை வயல் ஒன்றில் பதினேழு வருசம் கூலிக்கு நின்றவர். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்று சீட்டுக் குலுக்கி எடுக்கிற கை அவருடையது. படித்தவர்கள் தாளில் எழுதியதை அவர் முதுகு வலியில் படித்தார். ஆகவே பத்தொன்பதுக்குப் பதினைந்து என்ற கணக்கைக் கேட்டதும் அவர் முதலில் கேட்டது ஒரு கேள்விதான்.

“மசூர எந்த அட்டாளைக்கு அனுப்புறதெண்டு ஆர் முடிவெடுக்கிற?”

“நான்தான்,” என்றார் முகைதீன்பாவா. “ஆன எங்க வரும் போல இரிக்கோ அங்க அவர விடுவன். அவரப் போல காவல்காரன் இல்ல.”

“அப்ப ஆன வாற இடத்துக்கு நீங்க மசூர அனுப்பியிரிக்கீங்க. மசூர் போற இடத்துக்கு ஆன வரல்ல. ஆஸ்பத்திரியிலதான் நோயாளி கூட எண்டு ஆஸ்பத்திரிய மூடுவீங்களா?”

அதற்குப் பிறகுதான் டின்னும் சீட்டும். நாலு காவல்காரரும் ஒவ்வொரு நாளும் அசர்த் தொழுகைக்குப் பின் சீட்டெடுக்க வேண்டும். வட்டவிதானை ஆளைத் தெரிந்து அனுப்பக் கூடாது.

“மனிசன் தெரிஞ்செடுத்தா அதுக்குள்ள மனிசன்ட புத்தி இரிக்கும்,” என்று நஸீம் அன்றைக்குச் சொல்லியிருந்தார். “சீட்டுக்குப் புத்தி இல்ல. அதுதான் அதுட நல்ல குணம்.”

ஆறு ராவு சீட்டெடுத்தாயிற்று. நாலு ராவு ஆனை வந்தது. நாலும் மசூரிடம்.

“நாலுக்கு நாலு, காக்கா,” என்றான் வினோஜ், வயல் பாதையில் ஓட்டோவை உருட்டியபடி. “என்ட வகுப்பில ஒருத்தனும் இப்படி எடுக்கல்ல.”

நஸீமின் முகம் இருண்டுதான் இருந்தது. அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? இல்லை என்று காட்டித் தரச் சொன்னாள். சீட்டு ஓம் என்கிறது.

*

முகைதீன்பாவா வாய்க்கால் வரம்பில் நின்றார். கையில் காவல் கொப்பி.

“பாருங்க,” என்றார். “நான் ஒண்டும் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல.”

நஸீம் கொப்பியை வாங்கினார். இடப்பக்கம் சீட்டு: யாருக்கு எந்த அட்டாளை. வலப்பக்கம் ஆனை: வந்ததா, எங்கே. நேற்று ராவு, மசூருக்கு ஒன்றாவது அட்டாளை. ஆனை வந்த இடம் என்ற கட்டத்தில் ‘மசூர் அட்டாளை’ என்று எழுதியிருந்தது.

“மசூர் அட்டாளை எண்டா எது?”

“மசூர் இருந்த அட்டாளை.”

“நம்பர்?”

“நம்பர் என்னத்துக்கு? ஆள் இருந்தா ஆள்ட பேர்தான். நாங்க எப்பவும் அப்படித்தான் எழுதுற.”

நஸீம் கொப்பியை மடித்தார். “ராவு வந்த ஆனைட அடி எங்க இரிக்கி?”

வட்டவிதானை கையை நீட்டினார். காட்டோரம். நாலாவது அட்டாளை.

“சீட்டில ஒன்றாவது எண்டு இரிக்கி.”

முகைதீன்பாவா கொப்பியைப் பார்த்தார். பிறகு காட்டைப் பார்த்தார்.

நஸீம் ஒன்றாவது அட்டாளைக்கு நடந்தார். ஏணியடியில் குனிந்தார். புல்லில் சிவப்பு சிவப்பாகத் துப்பல். இன்னும் காயவில்லை.

“இரத்தமா?” என்றான் வினோஜ்.

“வெத்தில. மசூர் வெத்தில போடுறவரா?”

“அவர் வெத்தில போட்டு நான் கண்டதில்ல. ஆனா வாயில வெத்தில இல்லாம நித்திரையும் கொள்ளாத ஆள் ஒருத்தர் வட்டையில இருக்கார். எங்கட பக்கத்து ஆள்தான்.”

கந்தப்போடி காரைதீவுக்காரர். அறுபத்தெட்டு வயது, நாலு காவல்காரரில் மூத்தவர். வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். வலது முழங்காலில் எண்ணெய்த் துணி கட்டியிருந்தது.

“அண்ணே, ராவு எங்க இருந்தீங்க?” என்றார் நஸீம்.

“சீட்டில வந்த இடத்திலதான், மனே.”

“உங்களுக்குச் சீட்டில நாலாவது.”

“ஓம். நாலாவது.”

“அப்ப உங்கட வாய் மட்டும் ஒன்றாவதுக்குப் போயித்து வந்திரிக்கி,” என்றான் வினோஜ். “சிவப்பா எழுதி வெச்சித்து வந்திருக்கு.”

கிழவர் வாயைத் துடைத்தார்.

“அவர ஏசாதீங்க, மனே. எனக்கு நாலாவது விழுந்தா அவர் விடமாட்டார். ‘அண்ணே, உங்கட காலோட காட்டோரம் வேணாம், நீங்க தெருவோரம் இருங்க, நான் போறன்’ எண்டு சீட்ட மாத்திப்போடுவார். மூப்பான மனிசன காட்டோரம் விட்டுத்து அவருக்கு நித்திர வராதாம். இதுல என்ன பிழ?”

“எத்தின ராவு?”

“முதல் ராவு. நாலாவது ராவு. நேத்து. மூணு.”

வினோஜ் கொப்பியைப் பறித்துப் பார்த்தான். முதல் ராவு, நாலாவது ராவு, நேற்று. மூன்றும் ஆனை வந்த ராவு.

“முடிஞ்சுது, காக்கா,” என்றான். “ஆனை மசூரிட்ட வரல்ல. காட்டோரத்துக்கு வந்திருக்கு. காட்டோரத்துக்கு ஆனை வராம என்ன, ஐஸ்கிறீம் வண்டியா வரும்? சீட்டுக்குப் புத்தி இல்லத்தான். ஆனா சீட்ட எடுத்த ஆளுக்கு இரக்கம் கூடிப்போச்சு.”

நஸீமின் கண்ணில் ஒரு நிமிசம் வெளிச்சம் வந்தது. பதினேழு வருசத்தில் உரம் மாறிப் போட்ட பாத்தி கண்டிருக்கிறார், தண்ணீர் மாறிப் பாய்ந்த பாத்தி கண்டிருக்கிறார். மரியாதைக்காக மாறிய பாத்தியை இப்போதுதான் காண்கிறார்.

பிறகு அந்த வெளிச்சம் போய்விட்டது. அவர் விரல் கொப்பியில் ஒரு வரியில் நின்றது.

“மூணாவது ராவு,” என்றார். “அண்டைக்கும் வந்திரிக்கி.”

“அண்டைக்கு நான் வரல்ல,” என்றார் கந்தப்போடி. “பேத்திட சடங்கு. நாலாவது அட்டாளை சும்மா கிடந்திச்சி.”

“மசூர்?”

“அவருக்கு ரெண்டாவது விழுந்திச்சி. நான் இல்லத்தானே, மாத்த ஆள் இல்ல. ரெண்டாவதிலயேதான் இருந்தார்.”

ஆளில்லாத காட்டோரத்து அட்டாளையைத் தாண்டி, ஆனை நடு வட்டைக்கு வந்திருக்கிறது. மசூர் இருந்த இடத்துக்கு.

“இந்த ஒரு ராவ விட்டுப்போட்டா என்ன?” என்றான் வினோஜ் மெதுவாக. “மத்ததெல்லாம் நமக்குச் சாதகமா இருக்கு.”

“சாதகமில்லாதத விட்டா மிஞ்சுறது பரிசோதன இல்ல. புகழ்ச்சி.”

*

இரண்டாவது அட்டாளைக்குப் போகிற வழியில் ஆனை நடந்த தடம் இன்னும் அழியவில்லை. காட்டோரத்திலிருந்து நூல் பிடித்த மாதிரி நேராக வந்திருந்தது. இரண்டு பக்கமும் நெல் வேளாண்மை கதிர் முற்றிச் சாய்ந்து நின்றது. மிதிபட்டது கிடந்ததே தவிர, தின்றது ஒரு பிடிகூட இல்லை.

நஸீம் நின்றார்.

“வினோஜ், உனக்குப் பசி. புரியாணிச் சட்டிக்கு நடுவால நடந்து போறாய். தொடாமப் போவியா?”

“அதுக்கு அங்கால வட்டிலப்பம் இருந்தாப் போவன்.”

“அங்கால என்ன இருந்திச்சி எண்டு பாப்பம்.”

அட்டாளைக்குக் கீழே ஒன்றும் இல்லை. நெல் இல்லை, பழம் இல்லை. வட்டமாக ஒரு பள்ளம் மட்டும், சட்டியால் அள்ளின மாதிரி. பள்ளத்தைச் சுற்றித் தும்பிக்கை தேய்த்த கோடு. அட்டாளையின் ஒரு மரக்கால் மட்டும் இடுப்பளவு உயரத்துக்குப் பட்டை போய், வழவழவென்று மினுங்கியது. மற்ற மூன்று காலும் பழைய மாதிரியே கரடுமுரடு.

“மண்ணத் தின்னவா இவ்வளவு தூரம் வந்தவர்?” என்றான் வினோஜ்.

“நீ தின்னு பார்.”

“காக்கா, எனக்குச் சாப்பாடு தருவீங்க எண்டுதான் வேலைக்குச் சேந்தன்.”

ஆனாலும் குனிந்து, பள்ளத்து மண்ணில் ஒரு துளியை நாக்கில் வைத்தான். துப்பினான். மறுபடி வைத்தான். பகிடி முகம் மாறியது.

“உப்பு. கடற்கரை மண் போல கரிக்குது.”

கடல் இங்கிருந்து பல கட்டை தூரம். நஸீம் மேலே பார்த்தார். வழவழத்த காலுக்கு நேர் மேலே, தட்டின் ஓரத்தில் ஒரு ஆணி. அந்த ஆணியில் எதையோ தொங்கவிடுவார்கள். மழையில் அது ஒழுகி, காலால் வடிந்து, மண்ணில் ஊறியிருக்கிறது.

*

மசூர் தன் வயல் வரவையில் களை பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு முதுகு கூனிப்போன மனிதர். நஸீம் கேட்டதற்கு ஒவ்வொன்றாகச் சொன்னார்: காவலுக்குக் கொண்டு போவது டோர்ச், ஆனைவெடி, வெறுந்தேத்தண்ணிப் போத்தல், பிறகு சாக்கு.

“சாக்கு என்னத்துக்கு?”

“மழைக்கி. மூலைய மடிச்சித் தலையில போட்டுக்குவன். மழ விட்டா ஆணியில காயப்போடுற.”

அவர் வயல்வாடிக் குடிசைக்குள் போய் அதை எடுத்து வந்தார். தடித்த சணல் சாக்கு, வாய் ஓரம் நீல நூலால் மடித்துத் தைத்திருந்தது. நஸீம் முகர்ந்தார். கருவாடு.

“எப்ப இருந்து இது?”

“மாரி தொடங்கக்குள்ள. நான் நனையிறதப் பாத்துத்து றமீஸ்தான் கொண்டுவந்து தந்தான். அவன்ட பொஞ்சாதி கல்முனைக்குடிக் கருவாட்டு வாடியில வேல செய்த புள்ள. அது தந்துவிட்ட.”

“அதுக்கு முந்தின போகத்தில உங்களிட்ட இப்படி ஆன வந்ததா?”

“இல்ல. எல்லாரிட்டயும் வாற மாதிரித்தான்.”

மசூர் சாக்கைப் பார்த்தார், நஸீமின் முகத்தைப் பார்த்தார், மறுபடி சாக்கைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. வரம்பில் அப்படியே இருந்துவிட்டார்.

“அப்ப நான்தான் கூட்டிவந்திரிக்கன்.”

“சாக்குக் கூட்டிவந்திரிக்கி. அதையும் இன்னும் நான் நம்பல்ல. மூணு ராவு தாங்க.”

“நஸீம் காக்கா.” மசூரின் குரல் தாழ்ந்தது. “இது றமீஸ்ட பொஞ்சாதி தந்ததெண்டு சொல்லிப்போடாதீங்க. சந்தையில வாங்கினதெண்டு சொல்லுங்க. அந்தப் புள்ள இத்தாவில இரிக்கி. தாங்காது.”

“வாங்கினதெண்டா தெரிஞ்சுதான் கொண்டுவந்தீங்க எண்டு சொல்லுவாங்க. காணி போகும்.”

“போகட்டும்,” என்றார் மசூர். சொல்லிவிட்டு, தன் இரண்டு ஏக்கரைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

குளக்கட்டுக்குப் பக்கத்தில் அறுவடை முடிந்த வெற்று நிலம். அங்கே நஸீம் நாலு கம்பு நட்டார், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில். ஆள் இல்லை, அட்டாளை இல்லை. ஒரு உயிருக்கும் ஆபத்தில்லாத இடம்.

சாக்கின் அடியிலிருந்து மூன்று துண்டு வெட்டினார், ராவுக்கு ஒன்று. அதே அளவில் வெறும் அரிசிச் சாக்கிலிருந்து ஒன்பது துண்டு. எல்லாவற்றையும் ஒரே கிணற்றுத் தண்ணீரில் ஒரே அளவு நனைத்தார்.

“ஒரே வித்தியாசம் உப்பு மட்டும்தான் இரிக்கோணும்,” என்றார். “எந்தக் கம்பில உப்பெண்டு சீட்டு சொல்லட்டும். அடி பாக்க விடியக் காலம வாறவருக்கு அது தெரியக் கூடா.”

“ஏன்? வட்டவிதானை பொய் சொல்லுவாரா?”

“சொல்லமாட்டார். ஆனா தெரிஞ்ச கண் தேடினதத்தான் காணும். உன்ட கண்ணும் அப்படித்தான், என்ட கண்ணும் அப்படித்தான்.”

மசூர் அந்த மூன்று ராவும் சாக்கில்லாமல், காட்டோரத்து அட்டாளையில், அதன் மரக்கால்களையெல்லாம் கழுவிவிட்டுக் காவல் இருந்தார். சீட்டுக்கு அல்ல, நஸீம் கேட்டதற்காக. ஆளில்லாத சாக்கு ஒரு பக்கம், சாக்கில்லாத ஆள் மறுபக்கம்.

புதன் காலை முகைதீன்பாவா வந்து சொன்னார்: மூன்றாவது கம்பைப் பிடுங்கிப் போட்டிருக்கிறது, துண்டைக் காணவில்லை. வினோஜ் சீட்டை விரித்தான். மூன்று.

வியாழன் ஆனை வரவில்லை. வெள்ளி காலை: முதலாவது கம்பு. சீட்டை விரித்தான். ஒன்று.

மசூரிடம் ஒரு ராவும் ஒன்றும் வரவில்லை.

“ரெண்டுக்கு ரெண்டு,” என்றான் வினோஜ். “இப்ப சந்தோசப்படலாமா, இல்ல அதுக்கும் சீட்டெடுக்கோணுமா?”

“நாலு கம்பில ரெண்டு தரமும் சும்மா சரி வாறதுக்கு பதினாறில ஒரு இடம் இரிக்கி. எனக்கு இன்னும் பத்து ராவு இருந்தா நல்லம். ஜும்ஆவுக்கு மூணு மணித்தியாலம்தான் இரிக்கி.”

நஸீம் மிஞ்சிய சாக்கை மடித்தார். நீலத் தையல் உள்ளே போகிற மாதிரி மடித்தார்.

*

முறைப்பாடு சுஹறாவுடையது. ஆகவே ஜும்ஆ முடிந்து கூட்டம் நற்பிட்டிமுனையில் அவள் வீட்டு முற்றத்தில். உள்வாசலுக்குக் குறுக்கே ஒரு சீலை கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் அவள் இருந்தாள். குரல் மட்டும் வரும்.

நஸீம் சுருக்கமாகச் சொன்னார். கொப்பி, மாறிய சீட்டு, உப்பு மண், நாலு கம்பு. முகைதீன்பாவா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அடி பார்த்தவர் அவர்தான், மறுக்க இடமில்லை.

“அப்ப சாக்குத்தான்,” என்றார் வட்டவிதானை. “மசூர், உமக்கு இது எங்கால?”

“சந்தையில வாங்கின,” என்றார் மசூர்.

“கருவாட்டுச் சாக்க வாங்கி ஆனைக் காட்டுக்கு எடுத்துப் போறவர் ஆரு? தெரிஞ்சு செய்த வேலையா?”

மசூர் நிலத்தைப் பார்த்தார். முற்றத்தில் இருந்தவர்கள் ஆளுக்காள் கதைக்கத் தொடங்கினார்கள். வினோஜ் நஸீமின் கையை இடித்தான். நஸீம் வாயைத் திறந்தார். ஒரு பக்கம் இரண்டு ஏக்கர். மறுபக்கம் அந்தச் சீலை. வாய் திறந்தபடியே நின்றது.

“அந்தச் சாக்க இஞ்ச தாங்க,” என்றது சீலைக்குப் பின்னால் குரல்.

“அது வேணாம், தங்கச்சி,” என்றார் நஸீம்.

“தாங்க.”

முகைதீன்பாவா அதை வாங்கிச் சீலைக்கு அடியால் தள்ளினார். சாக்கு விரிகிற சத்தம் கேட்டது. முற்றத்தில் கதைத்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

“மசூர் காக்கா சந்தையில வாங்கல்ல,” என்றாள் சுஹறா. “இந்த நீல நூல் வாடியில மீன் வல பொத்துற நூல். தைச்சது நான். கழுவித் தரவா எண்டு எங்கட மனிசனுக்கிட்டக் கேட்டன். மழையில தானாக் கழுவுப்படும் எண்டார்.”

குரல் நஸீம் பக்கம் திரும்பியது.

“துப்பறியிற காக்கா.”

“சொல்லுங்க, தங்கச்சி.”

“நான் இதக் குடுக்காட்டி அவர் உசிரோட இருந்திரிப்பாரா?”

நஸீம் டின்னைக் கையில் வைத்திருந்தார். அதற்குள் நாலு சீட்டு. ஆறு ராவும் மூன்று ராவும் அவருக்குப் பதில் சொன்ன சீட்டு.

“சாக்கு ஆனையக் கொண்டுவருதெண்டு எனக்குத் தெரியும்,” என்றார். “பல ராவு பாத்துச் சொல்றன். ஆனா அந்த ஒரு அந்தி... சாக்கு இல்லாட்டியும் அண்டைக்கு ஆன காட்டோரம் வந்திரிக்கலாம். பெட்டரி முடியாம இருந்திரிக்கலாம். அவர் வேற வழியால போயிரிக்கலாம். அத அறியிறதெண்டா எனக்கு அதே அந்தி இன்னொண்டு வேணும், சாக்கில்லாம. அது ஆருக்கிட்டயும் இல்ல, தங்கச்சி. அதுக்குச் சீட்டு இல்ல.”

அவள் அழுத மாதிரிக் கேட்கவில்லை. நூல் அறுகிற சத்தம் மட்டும் கேட்டது, ஒவ்வொரு தையலாக.

கொஞ்ச நேரத்தில் சாக்கு சீலைக்கு அடியால் திரும்பி வந்தது. வாய் பிரிந்திருந்தது. நீல நூல் அதில் இல்லை.

“எரிச்சிப்போடுங்க,” என்றாள். “மசூர் காக்காட காணியில ஆரும் கை வைக்க வேணாம். நான் சொன்ன சொல்லத் திருப்பி எடுத்துக்கிறன்.”

முகைதீன்பாவா கொப்பியைத் திறந்து, ஏதோ எழுதப் போய், எழுதாமல் மூடினார். ஆட்கள் எழும்பினார்கள். அதே நேரம் ஓட்டில் தூறல் விழத் தொடங்கியது. மாரி முடிந்தும் விடாத மழை. மசூர் தலையில் ஒன்றும் இல்லாமல் படலையை நோக்கி நடந்தார்.

“மசூர் காக்கா.”

அவர் நின்றார்.

சீலைக்கு அடியால் ஒரு கறுப்புக் குடை வந்தது. ஆணுடைய குடை, பிடியில் ‘ற’ என்று கீறியிருந்தது. பாதி வெளியே வந்து, அப்படியே கிடந்தது.

மசூர் நனைந்தபடி குடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதை எடுக்கக் குனியவும் இல்லை, விட்டுவிட்டுப் போகவும் இல்லை.